அமெரிக்காவில் ஓட்டுரிமை எங்கே எழுதப்பட்டிருக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர் தமிழ்ப் பள்ளியில் பிள்ளைகள் உள்ளே "அம்மா இங்கே வா வா" பாடிக்கொண்டிருக்கும் நேரத்தில், வெளியே வராந்தாவில் பெற்றோர்கள் குடியுரிமைத் தேர்வுக்குப் படிப்பது வழக்கம். அதில் ஒரு கேள்வியில் எல்லோரும் தடுமாறுவார்கள்: "யார் ஓட்டுப் போடலாம் என்பது பற்றி அரசமைப்புச் சட்டத்தில் நான்கு திருத்தங்கள் உள்ளன. ஒன்றை விவரிக்கவும்." பதிலை மனப்பாடம் செய்துவிடலாம். ஆனால் அதைத் தொட்டவுடன் வேறு கேள்விகள் வரிசை கட்டி நிற்கும். நியூ ஜெர்சியில் இரண்டு தேர்தல்களில் வாக்குச்சாவடி ஊழியராக உட்கார்ந்தவன் என்பதால் அவை என்னிடம் வந்து சேர்ந்தன. வராந்தாவில் கேட்டவை, ஊரிலிருந்து வாட்ஸ்அப்பில் கேட்டவை, இரண்டும் இங்கே கலந்திருக்கின்றன.

அந்த நான்கு திருத்தங்கள் எவை?

15ஆவது (1870): இனம், நிறம், முன்பு அடிமையாக இருந்த நிலை ஆகியவற்றைக் காட்டி ஓட்டை மறுக்கக் கூடாது. 19ஆவது (1920): ஆணா பெண்ணா என்று பார்த்து மறுக்கக் கூடாது. 24ஆவது (1964): தேர்தல் வரி கட்டவில்லை என்று சொல்லி, மத்திய அரசுப் பதவிகளுக்கான தேர்தலில் மறுக்கக் கூடாது. 26ஆவது (1971): 18 வயது நிரம்பியவருக்கு வயதைக் காட்டி மறுக்கக் கூடாது.

தேர்வுக்கு இது போதும். ஆனால் நான்கும் எப்படி முடிகின்றன என்று கவனியுங்கள். கூடாது, கூடாது, கூடாது, கூடாது.

சரி, "எல்லாக் குடிமக்களுக்கும் ஓட்டு உண்டு" என்று நேராகச் சொல்லும் வரி எது?

அப்படி ஒரு வரி கிடையாது. அமெரிக்கத் தேர்தலில் நமக்கு விசித்திரமாகத் தெரிகிற முக்கால்வாசி விஷயங்களுக்கு வேர் இதுதான்.

இந்திய அரசமைப்பின் 326ஆவது பிரிவு, வயதுவந்தோர் வாக்குரிமையின் அடிப்படையில் தேர்தல் நடக்கும் என்று நேரடியாகவே சொல்கிறது. 1787இல் பிலடெல்பியாவில் எழுதப்பட்ட அமெரிக்க அரசமைப்போ, யாருக்கு ஓட்டு என்பதை மாநிலங்களின் கையில் விட்டுவிட்டது. அன்று பெரும்பாலான மாநிலங்களில் சொத்துள்ள வெள்ளை ஆண்களுக்குத்தான் ஓட்டு. எங்கள் நியூ ஜெர்சி கொஞ்சம் வித்தியாசம். குறிப்பிட்ட அளவு சொத்து இருந்தால் பெண்ணும் போடலாம் என்ற நிலை அங்கே இருந்தது. 1807இல் அதையும் பிடுங்கிக்கொண்டார்கள்.

மிசௌரி மாநிலத்தில் வர்ஜீனியா மைனர் என்ற பெண்மணி, "நான் குடிமகள், ஆகவே எனக்கு ஓட்டு உண்டு" என்று வழக்குப் போட்டார். 1875இல் உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்ன பதில்: நீங்கள் குடிமகள்தான், ஆனால் குடியுரிமை என்பது ஓட்டுரிமை ஆகாது. அது பழைய காலம் என்று தள்ளிவிட முடியாது. 2000ஆம் ஆண்டு ஜனாதிபதித் தேர்தல் தகராறான புஷ்-கோர் வழக்கிலும் அதே நீதிமன்றம், மாநிலச் சட்டமன்றம் அனுமதித்தால் ஒழிய, ஜனாதிபதியைத் தேர்வுசெய்யும் தேர்வாளர்களுக்கு ஓட்டுப் போடும் அரசமைப்பு உரிமை தனிமனிதருக்கு இல்லை என்று எழுதியது.

ஆக, மாநிலம் கதவைத் திறந்து வைக்கிறது. இன்னின்ன காரணத்துக்காக யாரையும் வெளியே நிறுத்தாதே என்று அரசமைப்பு தடுக்கிறது. பட்டியலில் இல்லாத காரணத்தைக் கண்டுபிடிக்கும் திறமை சில மாநிலங்களுக்கு எப்போதுமே இருந்திருக்கிறது.

15ஆவது திருத்தம் 1870இலேயே வந்துவிட்டதே, கறுப்பின மக்கள் 1965 வரை எதற்காகப் போராடினார்கள்?

இதற்குச் சுருக்கமாகப் பதில் சொல்ல எனக்கு மனம் வராது.

திருத்தம் நடைமுறைக்கு வந்த மறுநாளே, 1870 மார்ச் 31 அன்று, நியூ ஜெர்சியின் பெர்த் அம்பாய் நகரில் தாமஸ் மண்டி பீட்டர்சன் ஓட்டுப் போட்டார். அந்தத் திருத்தத்தின் கீழ் ஓட்டளித்த முதல் கறுப்பினத்தவர் அவர்தான். தெற்கு மாநிலங்களிலும் சில ஆண்டுகள் கறுப்பின மக்கள் திரளாக ஓட்டளித்தார்கள். மிசிசிப்பியிலிருந்து இரண்டு கறுப்பினச் செனட்டர்கள் (மேலவை உறுப்பினர்கள்) வாஷிங்டன் போனார்கள். உள்நாட்டுப் போருக்குப் பின் தெற்கில் நிறுத்தப்பட்டிருந்த மத்திய அரசின் ராணுவம் 1877இல் விலகிக்கொண்டது. அப்புறம் ஆரம்பித்தது வேலை.

"கறுப்பர் ஓட்டுப் போடக் கூடாது" என்று எழுத முடியாது, திருத்தம் தடுக்கிறது. எனவே வேறு வார்த்தையில் எழுதினார்கள். 1890இல் மிசிசிப்பி புதிய மாநில அரசமைப்பை உருவாக்கியது. ஓட்டுப் போட வேண்டுமா, வரி கட்டிய ரசீதைக் காட்டு. மாநில அரசமைப்பின் ஒரு பிரிவை வாசித்துக் காட்டு, அல்லது படிக்கக் கேட்டுப் பொருள் சொல். எந்தப் பிரிவு என்பதும், சொன்ன பொருள் சரியா என்பதும் பதிவு அதிகாரியின் இஷ்டம். வெள்ளைக்காரருக்கு இரண்டு வரிப் பிரிவு. கறுப்பின ஆசிரியருக்கு வழக்கறிஞரே திணறும் பிரிவு. சட்டத்தில் நிறம் என்ற சொல்லே வராது.

படிக்கத் தெரியாத வெள்ளைக்காரர் மாட்டிக்கொள்வாரே என்ற கவலைக்கும் சில மாநிலங்கள் வழி வைத்திருந்தன. உன் தாத்தா 1860களின் நடுப்பகுதிக்கு முன்பு ஓட்டுப் போட்டவரானால் உனக்குத் தேர்வு கிடையாது. அடிமையின் பேரனுக்கு அந்தத் தாத்தா எங்கிருந்து வருவார்? இந்தத் "தாத்தா விதி"யை 1915இல் உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. டெக்சாசில் இன்னொரு தந்திரம்: ஜனநாயகக் கட்சி ஒரு தனியார் சங்கம், அதன் உட்கட்சித் தேர்தலில் வெள்ளையர் மட்டுமே பங்கேற்கலாம். அங்கே அந்தக் கட்சி நிறுத்தியவர்தான் ஜெயிப்பார் என்பதால் உண்மையான தேர்தலே அதுதான். 1944 வரை இது நடந்தது.

தேர்தல் வரி பெரிய தொகை அல்ல. வர்ஜீனியாவில் வருடத்துக்கு ஒன்றரை டாலர். ஆனால் நிலுவையையும் சேர்த்துக் கட்ட வேண்டும், தேர்தலுக்குப் பல மாதம் முன்பே கட்ட வேண்டும். குத்தகை விவசாயிக்கு அது போதும், ஒதுங்கிக்கொள்ள. 24ஆவது திருத்தம் 1964இல் வந்தபோது ஐந்து மாநிலங்களில் இந்த வரி மிச்சமிருந்தது. மாநிலப் பதவிகளுக்கான தேர்தல்களில் அதை ஒழிக்க 1966இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு தேவைப்பட்டது.

1965 மார்ச் 7 அன்று அலபாமாவின் செல்மா நகரில், எட்மண்ட் பெட்டஸ் பாலத்தில், ஓட்டுரிமை கேட்டு நடந்தவர்களை மாநிலக் காவல்துறை தடியாலும் கண்ணீர்ப்புகையாலும் அடித்து நொறுக்கியது. முன்வரிசையில் நின்ற ஜான் லூயிஸுக்கு மண்டை ஓட்டில் விரிசல். பின்னாளில் அவர் 30 ஆண்டுகளுக்கு மேல் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்ற, உறுப்பினராக இருந்தார். அன்றிரவு தொலைக்காட்சியில் நாடே அதைப் பார்த்தது. ஆகஸ்ட் 6 அன்று ஜனாதிபதி ஜான்சன் வாக்குரிமைச் சட்டத்தில் கையெழுத்திட்டார்.

அந்தச் சட்டத்தின் பல் எங்கே இருந்தது என்றால், முன் அனுமதியில். பாகுபாடு காட்டிய வரலாறு உள்ள மாநிலங்களும் கவுண்டிகளும் (நம்மூர் மாவட்டம் போன்றவை) தேர்தல் விதியில் எதை மாற்றினாலும், வாக்குச்சாவடியை அடுத்த தெருவுக்கு நகர்த்துவது உட்பட, முதலில் மத்திய அரசிடமோ வாஷிங்டன் நீதிமன்றத்திடமோ ஒப்புதல் வாங்க வேண்டும். விளைவு உடனே தெரிந்தது. மிசிசிப்பியில் 1964இல் தகுதியுள்ள கறுப்பின மக்களில் சுமார் 6.7 சதவீதம் பேர்தான் பதிவு செய்திருந்தார்கள். 1967இல் அது 59.8 சதவீதம்.

அந்தச் சட்டம் இன்னும் இருக்கிறதா?

இருக்கிறது, பல் இல்லாமல். 2013 ஜூனில் ஷெல்பி கவுண்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில், எந்தெந்த மாநிலங்களுக்கு முன் அனுமதி தேவை என்று தீர்மானிக்கும் சூத்திரம் காலாவதியாகிவிட்டது என்றது. புதிய சூத்திரத்தைக் காங்கிரஸ் எழுதிக்கொள்ளலாம் என்றும் சொன்னது. காங்கிரஸ் எழுதவில்லை. தீர்ப்பு வந்த அன்றே, தடைபட்டிருந்த தன் அடையாள அட்டைச் சட்டத்தை அமலாக்கப் போவதாக டெக்சாஸ் அறிவித்தது. கொட்டும் மழையில், நனையவில்லையே என்பதற்காகக் குடையைத் தூக்கிப் போடுவது போல என்று, மாறுபட்ட தீர்ப்பில் நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதினார். இந்த வழக்கைப் பற்றி அதைவிட நன்றாக யாரும் சொல்லி நான் படிக்கவில்லை.

பெண்களுக்கு ஓட்டு ஒரு கடிதத்தால் கிடைத்தது என்கிறார்களே, உண்மையா?

கடைசிப் படி அப்படித்தான். அதற்கு முந்தைய படிகளுக்கு எழுபது ஆண்டுகள் பிடித்தன. 1872இல் ரோசெஸ்டர் நகரில் ஓட்டுப் போட்டதற்காகப் பெண் வாக்குரிமைப் போராளி சூசன் பி. ஆண்டனி கைதானார். நூறு டாலர் அபராதம் போட்டார்கள். அவர் சாகும் வரை கட்டவில்லை.

1920 ஆகஸ்டில் 35 மாநிலங்கள் 19ஆவது திருத்தத்தை ஏற்றிருந்தன, இன்னும் ஒன்று வேண்டும். எல்லோர் கண்ணும் டென்னசி மீது. ஆதரிப்பவர்கள் மஞ்சள் ரோஜா, எதிர்ப்பவர்கள் சிவப்பு ரோஜா அணிந்து சபைக்கு வந்தார்கள். ஒத்திவைக்கலாமா என்ற வாக்கெடுப்பில் 48க்கு 48. அடுத்து, திருத்தத்தின் மீதே வாக்கெடுப்பு. 24 வயது உறுப்பினர் ஹாரி பர்ன் சட்டையில் சிவப்பு ரோஜா குத்தியிருந்தார், சட்டைப்பையில் அம்மாவின் கடிதம். ஊர் விஷயங்களுக்கு நடுவே, நல்ல பிள்ளையாக இருந்து ஆதரித்து ஓட்டுப் போடு என்று அம்மா எழுதியிருந்தார். பெயர் கூப்பிட்டதும் பர்ன் "ஆம்" என்றார். திருத்தம் நிறைவேறியது.

ஆனால் அதோடு எல்லாப் பெண்களுக்கும் ஓட்டு வந்துவிடவில்லை. தெற்கின் கறுப்பினப் பெண்களை மேலே சொன்ன அதே வரியும் தேர்வும் வாசலில் நிறுத்தின. பூர்வகுடி மக்கள் அனைவருக்கும் குடியுரிமை 1924இல்தான் வந்தது. அரிசோனாவும் நியூ மெக்சிகோவும் 1948 வரை அவர்களை ஓட்டுப் போட விடவில்லை.

18 வயது எப்படி வந்தது?

வியட்நாம் போரால். 18 வயதில் ராணுவத்துக்கு இழுத்துப் போகலாம், 21 வயதில்தான் ஓட்டு. இந்த நியாயம் எடுபடவில்லை. 1970இல் காங்கிரஸ் சாதாரணச் சட்டத்தால் வயதைக் குறைத்தது. உச்ச நீதிமன்றம், மத்தியத் தேர்தலுக்குச் சரி, மாநிலத் தேர்தலுக்குச் செல்லாது என்று பாதியாக வெட்டியது. ஒரே நாளில் நடக்கும் தேர்தலுக்கு இரண்டு வாக்காளர் பட்டியலா என்று மாநிலங்கள் பதறின. அந்தப் பதற்றத்தில் 26ஆவது திருத்தம் சுமார் நூறு நாளில் ஒப்புதல் பெற்றது. வேகத்தில் இன்றுவரை அதுதான் முதலிடம்.

அரசமைப்பைத் திருத்துவது அவ்வளவு கஷ்டமா?

ரொம்பக் கஷ்டம். காங்கிரசின் இரு அவைகளிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு வேண்டும். பிறகு மாநிலங்களில் நான்கில் மூன்று பங்கு, அதாவது 50இல் 38, ஒப்புக்கொள்ள வேண்டும். மூன்றில் இரண்டு பங்கு மாநிலங்கள் கேட்டால் தனி மாநாடு கூட்டலாம் என்ற வழியும் உண்டு. அது ஒருமுறைகூட நடந்ததில்லை. ஜனாதிபதிக்கு இதில் வேலையே இல்லை, கையெழுத்துக்கூட வேண்டாம். சுமார் பதினோராயிரம் முன்மொழிவுகள் காங்கிரசில் வைக்கப்பட்டிருக்கின்றன. மாநிலங்களுக்குப் போனவை 33, தேறியவை 27. அதில் முதல் பத்தும் 1791இல் மொத்தமாக வந்தவை. ஒன்று, மதுவிலக்கைக் கொண்டுவந்தது (18ஆவது, 1919); இன்னொன்று அதையே நீக்கியது (21ஆவது, 1933).

27ஆவது திருத்தத்தின் கதையைச் சொல்லாமல் போக முடியாது. காங்கிரஸ் உறுப்பினர்கள் தங்கள் சம்பளத்தை மாற்றிக்கொண்டால், அடுத்த தேர்தல் முடிந்த பிறகே அது அமலாக வேண்டும் என்பது அதன் சாரம். 1789இல் மாநிலங்களுக்கு அனுப்பப்பட்டுத் தூசு படிந்து கிடந்தது. 1982இல் டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன், இதற்குக் காலக்கெடுவே இல்லை, இன்னும் நிறைவேற்றலாம் என்று கட்டுரை எழுதினார். கிடைத்த மதிப்பெண் 'சி'. கோபம் வந்துவிட்டது மனிதருக்கு. மாநிலம் மாநிலமாகக் கடிதம் எழுதத் தொடங்கினார், ஒவ்வொன்றாக ஒப்புக்கொண்டன, 1992இல் திருத்தம் நிறைவேறியது. 202 வருடம்! 2017இல் பல்கலைக்கழகம் மதிப்பெண்ணை 'ஏ' என்று திருத்தியது.

இதற்கு நேர் எதிர், ஆண்-பெண் சமத்துவத் திருத்தம். 1972இல் காங்கிரசைத் தாண்டியது, ஆனால் கெடு இருந்தது. நீட்டிக்கப்பட்ட 1982ஆம் ஆண்டுக் கெடுவுக்குள் 35 மாநிலங்கள்தான் சேர்ந்தன. 38ஆவதாக வர்ஜீனியா 2020இல் ஒப்புக்கொண்டது. காலம் கடந்தது செல்லுமா என்ற சண்டையில் அது அரசமைப்பில் ஏறவில்லை.

ஜனாதிபதி மூன்றாம் முறை நிற்கலாமா?

இருமுறைக்கு மேல் தேர்ந்தெடுக்கப்பட முடியாது. ரூஸ்வெல்ட் நான்கு முறை ஜெயித்த பிறகு, 1951இல் 22ஆவது திருத்தம் அந்தக் கதவைச் சாத்தியது. திறக்க வேண்டுமானால் மேலே சொன்ன 38 மாநிலங்கள் வேண்டும்.

அதிக ஓட்டு வாங்கியவர் எப்படித் தோற்கிறார்? எலக்டோரல் காலேஜ் என்றால் என்ன?

அது கல்லூரியும் இல்லை, ஒரே இடத்தில் கூடுவதும் இல்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் அதன் பிரதிநிதிகள் சபை உறுப்பினர் எண்ணிக்கையோடு இரண்டு செனட்டர்களையும் கூட்டினால் வரும் எண்ணிக்கையில் தேர்வாளர்கள் உண்டு. 435, அதோடு 100. மாநிலமே அல்லாத தலைநகர் வாஷிங்டனுக்கு 1961இல் 23ஆவது திருத்தம் கொடுத்த 3. மொத்தம் 538, பாதிக்கு மேல் 270. நவம்பரில் மக்கள் போடும் ஓட்டு உண்மையில் இந்தத் தேர்வாளர்களுக்குத்தான். டிசம்பரில் அவர்கள் தத்தம் மாநிலத் தலைநகரில் கூடி ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுகிறார்கள்.

48 மாநிலங்களில், ஒரு ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தாலும் அந்த மாநிலத் தேர்வாளர்கள் அத்தனை பேரும் ஜெயித்தவர் கணக்கில். மெயினும் நெப்ராஸ்காவும் மட்டும் தொகுதிவாரியாகப் பிரித்துத் தருகின்றன. 2024இல் இரண்டும் பிரிந்தே விழுந்தன. கலிபோர்னியாவில் நாற்பது லட்சம் ஓட்டு அதிகம் வாங்கினாலும் கிடைப்பது அதே 54தான். மிச்சம் வீண். ஆகவேதான் வேட்பாளர்கள் பென்சில்வேனியாவிலும் விஸ்கான்சினிலும் பழியாய்க் கிடக்கிறார்கள், எங்கள் பக்கம் நன்கொடை வசூலுக்கு மட்டும் எட்டிப் பார்க்கிறார்கள்.

2016இல் ஹிலாரி கிளின்டன் நாடு முழுதும் சுமார் 28 லட்சத்து 70 ஆயிரம் ஓட்டு அதிகம் வாங்கியும், மூன்று மாநிலங்களில் சேர்த்துச் சுமார் 78 ஆயிரம் ஓட்டில் தோற்றார். 2000இல் அல் கோர் புளோரிடாவில் 537 ஓட்டில். 1824, 1876, 1888 ஆகியவற்றையும் சேர்த்து ஐந்து முறை இப்படி நடந்திருக்கிறது. சின்ன மாநிலங்களுக்குக் கூடுதல் எடை என்பதும் உண்மை. வயோமிங்கில் இரண்டு லட்சத்துக்கும் குறைவான மக்களுக்கு ஒரு தேர்வாளர், கலிபோர்னியாவில் ஏழு லட்சத்துக்கும் மேல். ஆனால் என் கணிப்பில் அதைவிடப் பெரிய கோளாறு, "ஜெயித்தவனுக்கே எல்லாம்" என்பதுதான். அது அரசமைப்பில் எழுதப்பட்ட விதிகூட இல்லை, மாநிலங்கள் தாமே வைத்துக்கொண்டது.

269க்கு 269 வந்தால்?

பிரதிநிதிகள் சபை தேர்ந்தெடுக்கும், ஆனால் தலைக்கு ஒரு ஓட்டு அல்ல, மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. 26 மாநிலங்கள் வேண்டும். துணை ஜனாதிபதியைச் செனட் தேர்ந்தெடுக்கும். எனவே இருவரும் எதிரெதிர் கட்சியாக அமையவும் வாய்ப்பு உண்டு. 1800இல் ஜெஃபர்சனும் அவருடைய கட்சிக்காரரான பர்ரும் சமமாகி, சபை 36 முறை வாக்கெடுத்த கூத்துக்குப் பிறகுதான், ஜனாதிபதிக்கும் துணை ஜனாதிபதிக்கும் தனித்தனி ஓட்டு என்ற 12ஆவது திருத்தம் 1804இல் வந்தது.

தேர்தல் ஏன் செவ்வாய்க்கிழமை?

1845ஆம் ஆண்டுச் சட்டம். விவசாயிகள் ஞாயிறு தேவாலயம் போக வேண்டும், குதிரைவண்டியில் ஊர் வந்து சேர ஒரு நாள் வேண்டும், புதன் சந்தை. இன்று குதிரைவண்டி இல்லை, செவ்வாய் மட்டும் இருக்கிறது. நாடு தழுவிய விடுமுறையும் இல்லை. தபால் ஓட்டும் முன்கூட்டிய ஓட்டும் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேர்தல் ஆணையம் என்ன செய்கிறது? டி.என். சேஷன் மாதிரி ஒருவர் அங்கே இல்லையா?

இல்லை. மத்தியத் தேர்தல் ஆணையம் என்ற பெயரில் ஒன்று உண்டு, அது பார்ப்பது பிரசாரப் பணக் கணக்கை மட்டும். தேர்தலை நடத்துவது மாநிலங்கள். அவற்றுக்குக் கீழே ஆயிரக்கணக்கான கவுண்டி, ஊர் அலுவலகங்கள். பல மாநிலங்களில் தேர்தலை மேற்பார்வையிடும் அதிகாரியே கட்சிச் சின்னத்தில் ஜெயித்து வந்தவர். இதை ஊரில் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

எனவே விதிகளும் ஐம்பது விதம். ஒரேகானில் எல்லோருக்கும் வீட்டுக்கே தபாலில் வாக்குச்சீட்டு வந்துவிடும். வடக்கு டகோட்டாவில் வாக்காளர் பதிவே கிடையாது. நெவாடாவில் 1970களிலிருந்தே நோட்டா உண்டு. சில மாநிலங்களில் புகைப்பட அட்டை இல்லாவிட்டால் திரும்ப வேண்டியதுதான். எங்கள் சாவடியிலோ பெயரைக் கேட்போம், கையெழுத்தை வாங்கிப் பழைய கையெழுத்தோடு ஒப்பிடுவோம், அவ்வளவுதான். நம்மவர்கள் பாஸ்போர்ட்டை நீட்டிக்கொண்டு வந்து, வேண்டாம் என்றதும் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். விரலில் மை கிடையாது, சட்டையில் ஒட்டிக்கொள்ள ஒரு ஸ்டிக்கர்.

வாக்குச்சீட்டு ஏன் அவ்வளவு நீளம்?

ஜனாதிபதியில் ஆரம்பித்து செனட்டர், பிரதிநிதி, ஆளுநர், மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், ஷெரிப் (கவுண்டியின் காவல் தலைவர்), பள்ளி வாரியம், பல மாநிலங்களில் நீதிபதிகள் வரை தேர்தல்தான். அதன் கீழே, இந்த வரியை ஏற்றலாமா, கஞ்சாவை அனுமதிக்கலாமா என்ற கேள்விகள். மாதிரி வாக்குச்சீட்டை வீட்டிலேயே படித்துவிட்டு வாருங்கள். பள்ளி வாரியத்துக்கு யார் என்று திரைமறைவில் நின்று யோசிப்பவர்களால்தான் வரிசை நகர்வதில்லை.

பிரைமரி என்பது?

கட்சி வேட்பாளரைத் தலைமை அறிவிப்பதில்லை, மக்களே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கிறார்கள். சில மாநிலங்களில் கட்சியில் பதிந்தவர்தான் போடலாம், சிலவற்றில் யாரும் போடலாம். ஒரே கட்சி எப்போதும் ஜெயிக்கும் தொகுதியில் பிரைமரிதான் தேர்தல். அதற்கு வராமல் நவம்பரில் மட்டும் வருபவர், சமையல் முடிந்த பிறகு உப்புப் பார்க்க வருகிறார்.

முடிவை யார் அறிவிப்பது?

தேர்தல் இரவு நீங்கள் கேட்பது ஊடகங்களின் கணிப்பு. கவுண்டி எண்ணி, மாநிலம் சான்றளிக்க வாரக்கணக்கில் ஆகும். பென்சில்வேனியா, விஸ்கான்சின் போன்ற இடங்களில் தபால் ஓட்டு உறையைத் தேர்தல் நாளுக்கு முன் பிரிக்கவே கூடாது. 2020இல் செவ்வாய் நடந்த தேர்தலுக்குச் சனிக்கிழமைதான் ஊடகங்கள் வெற்றியாளரைச் சொன்னதற்கு இதுவும் காரணம். ஜனவரி 6 அன்று காங்கிரஸ் தேர்வாளர் ஓட்டுகளை எண்ணுகிறது. 2021இல் அந்த நாளில் நாடாளுமன்றக் கட்டடத்தில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, 2022இல் புதிய சட்டம் வந்தது. துணை ஜனாதிபதியின் வேலை சம்பிரதாயம் மட்டுமே என்று அது தெளிவாக எழுதியது. ஆட்சேபம் எழுப்ப ஒவ்வொரு அவையிலும் ஐந்தில் ஒரு பங்கு உறுப்பினர்கள் வேண்டும் என்றும் ஆக்கியது.

சிறையில் இருப்பவர் போடலாமா?

மெயின், வெர்மான்ட் மாநிலங்களிலும் தலைநகர் வாஷிங்டனிலும் சிறைக்குள்ளிருந்தே போடலாம். மற்ற இடங்களில் பெருங்குற்றத்துக்காகச் சிறையில் இருக்கும் வரை முடியாது, பல மாநிலங்களில் வெளியே வந்த பிறகும்கூட இழுக்கும். புளோரிடா மக்கள் 2018இல் தண்டனை முடித்தவர்களில் பெரும்பாலோருக்கு ஓட்டுரிமையைத் திருப்பித் தந்தார்கள். அடுத்த ஆண்டே மாநிலச் சட்டமன்றம், அபராதமும் நீதிமன்றக் கட்டணமும் கட்டி முடித்தால்தான் என்று சேர்த்தது. ஒன்றரை டாலர் வரி நினைவுக்கு வருகிறதா?

நான் கிரீன் கார்டு, கணவர் எச்-1பி. வரி எல்லாம் கட்டுகிறோம். ஓட்டு உண்டா?

கிடையாது. மேரிலாந்தின் டகோமா பார்க் போன்ற சில ஊர்கள் உள்ளாட்சித் தேர்தலில் மட்டும் குடியுரிமை இல்லாதவர்களை அனுமதிக்கின்றன. மத்தியத் தேர்தலில் போட்டால் குற்றம், நாடு கடத்தலும் நேரலாம். ஓட்டுநர் உரிமம் எடுக்கப் போகும்போது, வாக்காளராகப் பதிய விருப்பமா என்று திரையில் ஒரு கேள்வி வரும். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் ஏற்பாடு அது. அவசரத்தில் "ஆம்" தட்டிவிடாதீர்கள். பின்னாளில் குடியுரிமை விண்ணப்பத்தில், நீங்கள் எப்போதாவது பதிவு செய்ததுண்டா என்று கேட்பார்கள், அப்போது தலைவலி.

ஒரு பழைய கணக்கும் உண்டு. 1923இல் பகத் சிங் திந்த் வழக்கில், இந்தியர்கள் சட்டத்தின் பொருளில் "வெள்ளையர்" அல்லர், ஆகவே குடியுரிமை பெற முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 15ஆவது திருத்தம் இருந்தும் அது கைகொடுக்கவில்லை. இனத்தைக் காட்டி ஓட்டைத்தானே மறுக்கக் கூடாது, குடியுரிமையை மறுத்துவிட்டால் ஓட்டு என்ற பேச்சுக்கே இடமில்லை. 1946இல்தான் இந்தியர்களுக்கு அந்த வழி திறந்தது. பத்தே ஆண்டில், 1956இல், தலீப் சிங் சௌந்த் கலிபோர்னியாவிலிருந்து காங்கிரசுக்குத் தேர்வானார். துளசேந்திரபுரத்து வேர் உள்ள கமலா ஹாரிஸ் 2024இல் ஜனாதிபதி வேட்பாளராக நின்றது அதற்கும் பல பத்தாண்டுகள் கழித்து.

குடியுரிமை வாங்கிவிட்டேன், இப்போது சென்னையில் இருக்கிறேன். போடலாமா?

போடலாம். அமெரிக்காவில் கடைசியாக வசித்த முகவரியின் மாநிலத்துக்கு விண்ணப்பித்தால் வாக்குச்சீட்டை அனுப்புவார்கள். இந்தியத் தேர்தலில், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினர் வைத்திருக்கும் ஓசிஐ அட்டைக்கு ஓட்டு கிடையாது.

அம்மா போன வருடம் குடியுரிமை பெற்றார். ஆங்கிலம் படிக்க வராது. சாவடியில் என்ன செய்வார்?

எனக்குப் பிடித்த கேள்வி. வாக்குரிமைச் சட்டத்தின்படி சில இடங்களில் வேறு மொழிகளிலும் வாக்குச்சீட்டு தர வேண்டும். நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வங்காளியில் உண்டு. தமிழ்ப் பேசுவோர் எண்ணிக்கை அந்தச் சட்டத்தின் கணக்குக்குள் வருவதில்லை. ஆனால் 1982இல் சேர்க்கப்பட்ட 208ஆவது பிரிவு இருக்கிறது. கண்பார்வைக் குறை, உடல் ஊனம், எழுதப் படிக்க இயலாமை இவற்றில் ஏதாவது இருந்தால், தான் விரும்பும் ஒருவரைத் துணைக்கு உள்ளே அழைத்துப் போகலாம். வேலை தரும் முதலாளியும் அவருடைய ஆட்களும் தொழிற்சங்கத்துக்காரரும் மட்டும் கூடாது. மகள் போகலாம், பேரன் போகலாம். எங்கள் சாவடியில் வெள்ளைப் புடவை கட்டிய ஒரு பாட்டி பேத்தியோடு வந்தார். பேத்தி ஒவ்வொரு பெயராகத் தமிழில் படிக்க, பாட்டி ஷெரிப் வரை வந்து நிறுத்தி, "இவன் யாருடி, என்ன பண்ணியிருக்கான்?" என்று கேட்டார். பேத்திக்குத் தெரியவில்லை. அந்தக் கட்டத்தை மட்டும் காலியாக விட்டுவிட்டு மீதியைப் போட்டார்கள். அப்படியும் விடலாம், ஓட்டு செல்லும்.